கரிக்குருவியின் எல்லை: வன்னி வயல்வெளியில் ஒரு துணிச்சலான பறவையை இருந்து பார்ப்பதற்கான முழுமையான வழிகாட்டி

இலங்கையின் வடக்கே, வன்னியில், இரணைமடுக் குளத்துக்குக் கீழே உள்ள வயல்களில் ஒரு பங்குனிக் காலை. செம்பருந்து ஒன்று வாய்க்காலோடு தாழப் பறந்து வந்தது. லைற் கம்பியில் இருந்த கரிக்குருவி அதைக் கண்டதும் நேரே அதன்மேல் போகவில்லை. முதலில் மேலே ஏறியது. பருந்துக்கு மேலே, சற்றுப் பின்னால் ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு, சிறகை ஒடுக்கி விழுந்தது. பருந்தின் முதுகில் கால் பட்டதோ அலகு பட்டதோ, ஒரு சின்ன இறகு பிரிந்து காற்றில் சுழன்றது. பருந்து ஒரு பக்கம் சாய்ந்து திரும்புவதற்குள் குருவி மறுபடியும் மேலே. இப்படி நான்கு தடவை. வாய்க்கால் மதகைத் தாண்டியதும் குருவி சட்டென்று விட்டுவிட்டுத் திரும்பி வந்து, அதே கம்பியில், ஏறக்குறைய அதே இடத்தில் இருந்தது.

கரிக்குருவியின் எடை ஐம்பது கிராம் அளவுதான். பருந்து அதைப் போலப் பத்து மடங்கு கனம். அன்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது அந்தத் துணிச்சல் மட்டும் இல்லை. மதகடியில் அது ஏன் நின்றது? பருந்து ஓடிக்கொண்டுதான் இருந்தது, இன்னும் துரத்தியிருக்கலாம். அந்தக் கேள்வியோடுதான் நான் இந்தக் குருவியைத் தொடர்ந்து பார்க்கத் தொடங்கினேன். ‘சண்டைக்காரக் குருவி’ என்று ஊரில் ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அதன் சண்டைக்கு இடம் உண்டு, காலம் உண்டு, ஆள் பார்த்து அளவும் உண்டு. பொறுமையாக இருந்து பார்த்தால் அந்தக் கணக்கு பிடிபடும். எப்படி இருந்து பார்ப்பது என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

முதலில் ஆளை அடையாளம் காணுங்கள்

கரிக்குருவி, இரட்டைவாற்குருவி, கரிச்சான், வலியான் எல்லாம் ஒன்றுதான். உடல் முழுக்கப் பளபளக்கும் கறுப்பு. வெயில் பட்டால் நீலம் ஓடும். நீளம் வாலோடு சேர்த்து 28 சென்ரிமீற்றர் வரும், அதில் பாதியளவு வால். அந்த வால் ஆழமாகப் பிளந்து, நுனிகள் வெளிப்பக்கம் லேசாக வளைந்திருக்கும். பெரும்பாலான மரக்குருவிகளுக்கு வாலில் 12 இறகுகள், இதற்கு 10 தான். கிட்ட இருந்து பார்த்தால் வாயின் மூலையில் ஒரு சிறு வெள்ளைப் புள்ளி தெரியும். அது தெரிந்துவிட்டால் பிறகு சந்தேகமே வேண்டாம்.

புதிதாகப் பார்ப்பவர்கள் குழம்புவது மூன்று பறவைகளோடு. ஆண் குயிலும் கறுப்புத்தான். ஆனால் உருவம் பெரிது, கண் சிவப்பு, வால் பிளவு இல்லை, திறந்த கம்பியில் இப்படி மணிக்கணக்காக இருக்கவும் மாட்டாது. இரண்டாவது வெள்ளை வயிற்றுக் கரிக்குருவி. அது நெருங்கிய சொந்தம், குணமும் ஏறக்குறைய அதேதான். ஆனால் அது நிழல் விரும்பி. மடுப் பக்கம், ஒட்டுசுட்டான் பக்கம் காட்டோரத்தில் பாலை, வீரை மரங்களுக்குள் அதைப் பார்க்கலாம். வெட்டவெளி வயலில் இருப்பது பெரும்பாலும் நமது கறுப்பன். மூன்றாவது, பனை மரத்திலும் கம்பியிலும் தோளோடு தோள் உரசி வரிசையாக இருக்கும் சாம்பல் நிறக் குருவிக் கூட்டம். அவையும் காகத்தைத் துரத்தும். ஆனால் வால் குட்டை, அலகு நீலச் சாம்பல், துரத்துவதும் கூட்டமாக. கரிக்குருவி தனியாக அல்லது சோடியாகத்தான் வரும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இலங்கையில் கரிக்குருவி எல்லா இடத்திலும் கிடைக்கிற பறவை இல்லை. வடக்கிலும் அதை ஒட்டிய வறண்ட கரையோரங்களிலும்தான் அது சாதாரணம். தெற்கிலிருந்து வரும் பறவை பார்ப்பவர்கள் மன்னார் வீதியில் வாகனத்தை நிறுத்தி, நம் வீட்டுக் கம்பியில் தினமும் இருக்கிற குருவியைப் படம் எடுப்பதைக் கண்டிருக்கிறேன். நமக்கு அது வாசலில் இருக்கிறது.

எங்கே, எந்த மாதம், எத்தனை மணி

இதைப் பார்க்கப் பூங்காவுக்கெல்லாம் போக வேண்டியதில்லை. சுண்டிக்குளம் 1938 இல் பறவைகள் சரணாலயமாகி 2015 இல் தேசியப் பூங்காவாக உயர்ந்த இடம். நீர்ப்பறவைகளுக்கும் வலசைப் பறவைகளுக்கும் அங்கே போங்கள். கரிக்குருவிக்கு ஒரு வயல், வயலோரம் ஒரு கம்பி வரிசை, இரண்டு மூன்று தனி மரங்கள், கொஞ்சம் மாடுகள், இவ்வளவும் போதும். வவுனிக்குளம், முத்தையன்கட்டு, கட்டுக்கரைக் குளம் என்று எந்தக் குளத்தின் கீழும் இது கிடைக்கும். குளத்தின் அலைகரையில், தண்ணீர் வற்றிப் புல் முளைத்த இடத்தில், எருமைகள் மேயும் நேரமும் நல்லது.

மாதம் என்றால், சண்டையைப் பார்க்கப் பங்குனியிலிருந்து வைகாசி வரை. எங்கள் பக்கத்தில் நான் கூடுகளைக் கண்டது அந்த மாதங்களில்தான். காலபோக அறுவடை முடிந்து வயல் வெளித்துக் கிடக்கும், பார்வைக்குத் தடை இருக்காது.

நேரம் விடியற்காலை. மற்றப் பறவைகள் எழும்புமுன் இது கூவத் தொடங்கிவிடும். இருட்டோடு போய் இடத்தில் இருந்துவிட வேண்டும். ஐந்தே முக்கால் தொடக்கம் எட்டரை வரை பார்த்தால் போதும். அதற்குப் பிறகு வெயில் ஏறினால் குருவியும் நிழலுக்குப் போகும், நீங்களும் போவீர்கள். பின்னேரம் நாலரைக்குப் பிறகு இன்னொரு தடவை. பொழுது சாய்ந்து கண் மங்கும் வரை இது வேட்டையாடும்.

சூரியன் எப்போதும் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். கறுப்புப் பறவையை வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தால் ஒரு நிழல் மட்டும்தான் மிஞ்சும்.

காலடி கவனம்

வன்னியில் மிதிவெடி அகற்றி முடியாத இடங்கள் இன்னும் இருக்கின்றன. மண்டையோட்டுப் பலகையோ சிவப்பு நாடாவோ கண்டால் அதைத் தாண்டி ஒரு அடி வைக்க வேண்டாம். பலகை இல்லாவிட்டாலும், ஊரவர்கள் உழுகிற வயல், மாடு போகிற பாதை, குளக்கட்டு, வீதி ஆகியவற்றை விட்டுப் பற்றைக்குள் இறங்காதீர்கள். குருவி எவ்வளவு வடிவாக இருந்தாலும் சரி. புது இடம் என்றால் அந்த வயல்காரரிடம் முதலில் கேளுங்கள். அது மரியாதையும்கூட. காட்டோரக் கிராமங்களில் விடியப்புறம் யானை நிற்கும். முதல்நாள் இரவு யானை வந்ததா என்று தேத்தண்ணிக் கடையில் விசாரித்துவிட்டுப் போங்கள். வரம்பில் நடக்கும்போது ரோச் லைற் அடித்து நடக்க வேண்டும். புடையன் பாம்புக்கு வரம்பு பிடித்த இடம்.

கொண்டுபோக வேண்டியது

எட்டு மடங்கு பெருக்கும் தொலைநோக்கி ஒன்று இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நான் முதல் வருடம் முழுக்க வெறுங் கண்ணால்தான் பார்த்தேன். கொப்பி, பேனை, மணிக்கூடு, தண்ணீர்ப் போத்தல். மங்கிய பச்சையோ மண் நிறமோ ஆன சட்டை. குருவியின் குரலைத் தொலைபேசியில் ஒலிக்கவிட்டு அதைக் கிட்டக் கூப்பிடும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். தன் எல்லைக்குள் இன்னொரு குருவி வந்துவிட்டது என்று அது வீணாகப் பதறும். நீங்கள் பார்க்க வந்த இயல்பான நடத்தையும் அதோடு போய்விடும்.

ஒரே சோடியைப் பிடித்துக்கொள்ளுங்கள்

பலரும் தவறுவது இங்கேதான். கண்ட கண்ட குருவியை எல்லாம் பார்த்துக்கொண்டு நடந்தால் கடைசியில் ‘துரத்துது, கொத்துது’ என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஒரு கம்பி வரிசையைத் தேர்ந்தெடுங்கள். அங்கே திரும்பத் திரும்ப வந்திருக்கும் சோடியைக் கவனியுங்கள். கரிக்குருவிக்குப் பிடித்த இருக்கைகள் உண்டு. அதிலிருந்து பறந்து ஒரு பூச்சியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே திரும்பும். அரை மணி நேரத்தில் அந்த இருக்கைகள் எவை என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அந்த இருக்கைகளிலிருந்து எழுபது, எண்பது நடை எட்டுத் தள்ளி, ஒரு மரத்தடியிலோ வரம்பு மேட்டிலோ உட்காருங்கள். நிற்க வேண்டாம். முதல் இரண்டு நாள் எதையும் எழுத வேண்டாம், சும்மா இருங்கள். உங்களை அது மாட்டைப் போல ஒரு சாதாரணப் பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டும். உங்களைக் கண்டும் அது வாலை அசைக்காமல் பூச்சி பிடித்தால் நீங்கள் தயார்.

இன்னொரு வேலையையும் அந்த இரண்டு நாளில் செய்துவிடலாம். ஒரு லைற் போஸ்டுக்கும் அடுத்த போஸ்டுக்கும் எத்தனை எட்டு என்று நடந்து அளந்து வையுங்கள். பிறகு அதுவே உங்கள் அளவுகோல். ‘இரண்டு போஸ்ட் தூரம் துரத்தியது’ என்று எழுதலாம்.

கொப்பியில் எழுதுவது எப்படி

ஒவ்வொரு துரத்தலுக்கும் ஒரு வரி. நேரம், யார் வந்தது, குருவி எந்த இருக்கையிலிருந்து எழும்பியது, வந்தவர் எவ்வளவு தூரத்தில் இருந்தபோது எழும்பியது, தொட்டதா தொடவில்லையா, எங்கே விட்டுவிட்டுத் திரும்பியது, ஒன்றா இரண்டா. அவ்வளவுதான். ‘கோபமாக’, ‘ஆவேசமாக’ என்று எழுதாதீர்கள். கண்டதை எழுதுங்கள்.

சண்டையிலும் படிகள் உண்டு. கண் பழகினால் பிரித்துக் காணலாம். முதலில் உடம்பு ஒடுங்கும். இறகெல்லாம் உடலோடு ஒட்டி, கழுத்து நீண்டு, தலை வந்தவர் பக்கம் திரும்பும். இந்த நிலையிலேயே பல தடவை விஷயம் முடிந்துவிடும். வந்த காகம் திசை மாறிப் போய்விடும். அடுத்தது குரல். கரகரத்த, வெட்டி வெட்டி வரும் ஒலி, காலையில் சோடி கூவிக்கொள்ளும் இனிய குரலோடு இதற்குச் சம்பந்தமே இல்லை. மூன்றாவது எழும்புதல், எப்போதும் மேல்நோக்கி. நான்காவது விழுதல். குறி பெரும்பாலும் முதுகு, பிடரி, வால்.

ஏன் மேலிருந்து, ஏன் பின்னாலிருந்து? காகத்துக்கு ஆயுதம் அலகு, பருந்துக்கு நகம். இரண்டும் முன்னாலும் கீழேயும்தான் வேலை செய்யும், முதுகுக்கு எட்டாது. அதோடு பெரிய சிறகுள்ள பறவை காற்றில் சட்டென்று திரும்ப முடியாது. கரிக்குருவி தன் பிளவு வாலை விரித்தும் ஒடுக்கியும் ஒரு முழ இடத்துக்குள் வளைந்துவிடும். ஒரு நாள் அண்டங்காகம் ஒன்று பறந்தபடியே மல்லாந்து அலகை மேலே காட்டியதைப் பார்த்தேன். குருவி அந்தக் கணத்தில் விலகி, காகம் நேரானதும் மறுபடி பிடரிக்கே வந்தது. அவசரப்படாமல் காத்திருந்து தொட்ட அந்தத் தொடுகை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

காகம், அண்டங்காகம், செண்பகம், செம்பருந்து, வல்லூறு இவைதான் உங்கள் கொப்பியில் அதிகம் வரும். முட்டையும் குஞ்சும் எடுக்கிற ஆட்கள். செண்பகத்தைத் துரத்தும் விதம் வேறு. அது பறப்பதில் மந்தமான பறவை, பற்றைக்குள் இறங்கி மறைந்துவிடும். குருவி பற்றைக்கு மேலே ஒரு கிளையில் காவல் இருந்து, செண்பகம் தலை நீட்டும்போதெல்லாம் விழும். இருபது நிமிடம் இப்படிக் காத்திருந்ததை நான் மணிக்கூடு வைத்துப் பார்த்திருக்கிறேன்.

எல்லையைக் கீறுங்கள்

பத்துப் பன்னிரண்டு காலை பார்த்ததும் கொப்பியின் நடுத்தாளில் அந்த இடத்தின் வரைபடத்தைக் கீறுங்கள். வாய்க்கால், போஸ்டுகள், மரங்கள், குடிசை. பிறகு ஒவ்வொரு துரத்தலும் தொடங்கிய இடத்தில் ஒரு புள்ளி, குருவி விட்டுத் திரும்பிய இடத்தில் ஒரு வட்டம். வட்டங்கள் ஒரு வளையமாகக் கூடி வரும். அந்த வளையத்தின் நடுப்பகுதியில், துரத்தல்கள் ஆகக் கடுமையாக இருந்த இடத்தில், ஒரு மரம் நிற்கும். கூடு அங்கேதான். நீங்கள் மரத்தை நெருங்காமல், ஒரு கிளையை விலக்காமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்டுபிடித்துவிட்டீர்கள்.

நான் சொன்ன அந்த முதல் நாள் பருந்தின் கணக்கும் இப்படித்தான் தெளிந்தது. மதகுதான் அந்தச் சோடியின் எல்லை. அதற்கு அப்பால் பருந்து எங்கே போனாலும் அதற்குக் கவலை இல்லை.

வரைபடத்தில் இன்னொன்றும் வெளிப்படும். அதே மரத்தில், அல்லது பக்கத்து மரத்தில், புறாவோ கொண்டைக்குருவியோ மாங்குயிலோ புலுனியோ கூடு வைத்திருக்கும். கரிக்குருவி அவற்றை ஒன்றும் செய்யாது. இந்தக் காவலின் நிழலில் சாதுவான பறவைகள் கூடு கட்டுவதைப் பறவை ஆய்வாளர்கள் பல நாடுகளில் கவனித்திருக்கிறார்கள். வட இந்தியாவில் இதற்குக் கொத்வால், அதாவது ஊர்க்காவல் அதிகாரி என்றே பெயர். வயல்காரப் பெரியம்மா ஒருவர் எனக்குச் சொன்னதும் அதைத்தான்: “தம்பி, உது இருக்கிற புளியில காகம் தங்காது. எங்கட கோழிக்குஞ்சும் அதுக்குக் கீழதான் நிக்கும்.”

கோயிலில் புராணம் படிக்கும்போது கேட்ட கதை ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. காகங்களிடம் கொத்து வாங்கி நொந்த கரிக்குருவி மதுரைக்குப் போக, சொக்கநாதர் அதற்கு மந்திரம் உபதேசித்து வலிமை கொடுத்து, வலியான் என்ற பெயரும் கொடுத்தாராம். அந்தக் கதை பிறக்க, காகத்தை விரட்டுகிற இந்தச் சிறு உடம்பை யாரோ ஒருவர் நம்மைப் போலவே இருந்து பார்த்திருக்க வேண்டும்.

கூட்டுக்குக் கிட்டப் போகாதீர்கள்

கூடு கிளை நுனிப் பக்கம், கவையில், நாரும் மெல்லிய குச்சியும் சிலந்தி வலையும் சேர்த்த ஒரு சின்னக் கிண்ணம். மூன்று அல்லது நான்கு முட்டை. இரண்டு பெற்றோரும் மாறி மாறி அடைகாக்கும், 14, 15 நாளில் குஞ்சு பொரிக்கும். பிறகு ஏறக்குறைய மூன்று கிழமையில் குஞ்சுகள் கூட்டை விடும். முட்டைக் காலத்தைவிடக் குஞ்சுக் காலத்தில் துரத்தல் கூடும். உங்கள் கொப்பியே அதைக் காட்டும்.

இதை நான் மனவருத்தத்தோடுதான் எழுதுகிறேன். இரண்டாவது வருடம், கூட்டைப் படம் எடுக்கும் ஆசையில் ஒரு வேம்பின் அடிக்குப் போனேன். இரண்டு குருவிகளும் என் தலைக்கு மேல் விழத் தொடங்கின. கையை வீசிக்கொண்டு அங்கேயே நின்றேன், ஐந்து நிமிடம்கூட இராது. அவை என்னோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் மற்றப் பக்கத்தால் ஒரு காகம் வந்து கூட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போனது. குருவிகள் திரும்பிப் பார்த்தபோது காகம் வயலைத் தாண்டிவிட்டது. அன்று என் கொப்பியில் எழுதியது ஒரு வரிதான்.

ஆகவே விதி இது: குருவி உங்களைப் பார்த்து உடம்பை ஒடுக்கினால் நீங்கள் ஏற்கெனவே கிட்ட வந்துவிட்டீர்கள். குரல் கொடுத்தால் உடனே பின்வாங்குங்கள். உங்கள் மேல் விழும்வரை நிற்பது பார்வையாளர் செய்யும் வேலை இல்லை. பிள்ளைகளைக் கூட்டிப்போனால் இதை முதலே சொல்லிக் கொடுங்கள். முட்டையையும் கூட்டையும் தொடுவது சட்டப்படியும் குற்றம்.

சண்டை வேறு, தட்டிப் பறிப்பது வேறு

கூட்டிலிருந்து எவ்வளவோ தூரத்தில், கூடு இல்லாத மாதத்திலும் கரிக்குருவி மைனாவைத் துரத்துவதைக் காண்பீர்கள். இதை அதே பத்தியில் எழுதிவிடாதீர்கள். மைனாவின் அலகைப் பாருங்கள், அதில் ஒரு புழுவோ தத்துவெட்டியோ இருக்கும். துரத்தல், மைனா இரையைப் போட்டதும் நின்றுவிடும். அது காவல் இல்லை, களவு. வல்லூறு போலக் குரல் எழுப்பி மைனாக்களைக் கலைத்து, விட்டுப்போன இரையை எடுப்பதும் பதிவாகியிருக்கிறது. ஆபிரிக்காவின் கலகாரிப் பகுதியில் உள்ள இதன் உறவுப் பறவை, மற்ற விலங்குகளின் எச்சரிக்கைக் குரலைப் பலவிதமாகப் போலி செய்து இரை பறிப்பதை ஆய்வாளர்கள் விரிவாகப் பதிந்திருக்கிறார்கள். ஆகவே வல்லூறின் குரல் கேட்டு வானத்தில் வல்லூறு இல்லை என்றால், கம்பியைப் பாருங்கள்.

இந்தப் பக்கத்தைப் பார்க்க உழவு நாள் மிக நல்லது. லான்ட்மாஸ்டர் என்கிற கை உழவு இயந்திரம் சேற்றைப் புரட்டிக்கொண்டு போக, பின்னால் கொக்கும் மைனாவும் நடக்கும், கரிக்குருவி கம்பியிலிருந்து அவற்றுக்கு மேலால் பாயும். மாடு மேயும் இடத்தில் மாட்டின் முதுகையே இருக்கையாக்கிக்கொள்ளும். மாடு அடி வைக்கக் கிளம்பும் பூச்சி அதற்கு. முதல் மழைக்குப் பிறகு புற்றிலிருந்து ஈசல் கிளம்பும் பின்னேரம் கிடைத்தால் விடாதீர்கள். பங்குனியில் ஒன்றையொன்று எல்லையில் முறைத்த சோடிகள், அன்று ஒரே புற்றுக்கு மேல் பக்கம் பக்கமாகப் பறந்து பிடிக்கும்.

அந்துப்பூச்சி, தத்துவெட்டி, வண்டு என்று அது தின்பதில் பெரும்பகுதி பயிரைத் தின்னும் பூச்சிகள். வயலுக்குள் ஒரு தடியில் குறுக்குக் கம்பு கட்டி ஊன்றிவிட்டால் அது வந்திருந்து வேலை பார்க்கும். கம்பி இல்லாத வயலில் உங்களுக்கும் ஒரு பார்வை இருக்கை அமைந்துவிடும்.

குஞ்சுகள் பறந்த பிறகு

பார்வையை இங்கே நிறுத்திவிடாதீர்கள். புதுக் குஞ்சுகள் வயிற்றில் வெள்ளைத் திட்டுகளோடு, வால் இன்னும் பிளவுபடாமல், கம்பியில் வரிசையாக இருந்து கத்தும். ஒரு மாதம் அளவில் பெற்றோர் ஊட்டும். அந்த வாரங்களில் எல்லை நகரும். மரத்தைச் சுற்றியிருந்த வளையம் குஞ்சுகள் இருக்கும் கம்பியைச் சுற்றி வந்துவிடும். அதையும் வேறு நிறப் பேனையால் கீறுங்கள்.

பிறகு ஒவ்வொரு நாளாகத் துரத்தல் குறையும். சோழகம் வீசும் ஆடி மாதத்தில் ஒருநாள் என் கொப்பியில் கடைசியாக எழுதியது இது: ‘காலை 6.50. காகம் வந்து வேம்பில் இருந்தது. குருவி அடுத்த போஸ்டில். தும்பி ஒன்றைப் பிடித்துத் தின்றது. காகம் ஒன்பது நிமிடம் இருந்துவிட்டுப் போனது. ஒன்றும் நடக்கவில்லை.’